அடைமழைக்கால இன்பங்கள்: புரட்டாசி முதல் கார்த்திகை வரை

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கொல்லையில் பவழமல்லி மரத்தடியில் முந்தின இரவே விரித்து வைத்த பழைய வேட்டியைப் பாட்டி டார்ச் அடித்துப் பார்க்கிறார். வேட்டி முழுக்கப் பூ. வெள்ளை இதழ், பவழ நிறக் காம்பு. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பேத்தி நாலு மூலையையும் கூட்டிப் பிடித்துத் தூக்குகிறாள். கிட்டத்தட்ட ஒரு கூடை தேறும். அந்தியில் மலரும் இந்தப் பூ விடியுமுன் தானாகவே உதிர்ந்துவிடும். ஏழு மணிக்குப் போனால் மண் ஒட்டி, மிதிபட்டு வதங்கிக் கிடப்பதுதான் மிச்சம். தரையில் விழுந்த பூவைச் சாமிக்குச் சாத்தக் கூடாது என்ற வழக்கம் இந்த ஒரு பூவிடம் வளைந்துகொடுத்திருக்கிறது.

இந்த மாதங்களின் இன்பங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. காசு கேட்பதில்லை, ஆனால் நேரம் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், சிலவற்றுக்கு ஒரே ஒரு மாலை. தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அதனால் இந்த அத்தியாயம் புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகையில் முடியும் வரிசையில், எது எப்போது வரும், அதற்கு எத்தனை நாள் முன்னால் தயாராக வேண்டும் என்று சொல்கிறது.

தமிழ்ப் பருவக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் இலையுதிர்காலம் இங்கே இல்லை. மேலைநாடுகளில் இலை பழுத்து உதிரும் அதே மாதங்களில் இங்கே வேலியெல்லாம் பச்சை பிடிக்கிறது. ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுவதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி அக்டோபருக்காகக் காத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்திலேயே பெய்து தீர்ந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது பாதிக்கும் மேல். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பழமொழி சொல்வது இதைத்தான்.

பழைய இலக்கியமும் இந்தக் குளிரை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தது. நக்கீரரின் நெடுநல்வாடையில் ஆயர்கள் நெருப்பில் கை காய்கிறார்கள். வேனிலில் வீசிய விசிறிகள் வேலையின்றித் தொங்குகின்றன. குளிர்ந்த தண்ணீரை யாரும் தேடுவதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடும் முதல் இரவு இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது.

முதல் மழைக்கு முன்னால்

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு யாராலும் மழையை ரசிக்க முடியாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பருவத்தின் முதல் வேலை கையில் துடைப்பம் எடுப்பது. புரட்டாசியின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போதும்.

முதல் ஞாயிறு வீட்டுக்கு. மொட்டை மாடியில் சேர்ந்த சருகை வாரி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் அடைத்திருப்பதைக் கையைவிட்டு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ல் கட்டாயமாக்கப்பட்டது. அன்று தோண்டிய குழியைப் பலர் அதற்குப் பிறகு திறந்தே பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிக் காயவைத்துத் திரும்பப் போட்டால் குழி மறுபடி தண்ணீர் குடிக்கும். முதல் ஒன்றிரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவது நல்லது. மாடியின் அழுக்கெல்லாம் அதில் வந்துவிடும்.

இரண்டாம் ஞாயிறு தெருவுக்கு. தெருமுனையில் வடிகால் அடைத்திருந்தால் புகார் கொடுப்பதும், பால் கவரும் தேங்காய் மட்டையும் கிடக்கும் சிறிய அடைப்புகளைத் தாங்களே எடுப்பதும் ஒரு காலை வேலை. அப்போதே இன்னொன்றையும் பேசி முடித்துவிடலாம். தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார், தண்ணீர் ஏறினால் அவர்கள் யார் வீட்டு மாடிக்கு வருவது, இரவில் கதவைத் தட்டுவது யார்? ஒரு தாளில் எழுதி நாலு வீட்டில் ஒட்டினால் போதும். இந்தத் தாள் இருக்கும் தெருவில் அடைமழை இரவும் நிம்மதியாகவே கழியும்.

கொலுப்படிக்குக் கீழே ஒரு சின்ன வயல்

நவராத்திரியைப் பற்றி அறியாத வீடு குறைவு என்பதால் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டுவதும், பொம்மைக்குக் காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி என்று பெயர் பெற்ற ஊர்கள் இருப்பதும் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கென்றே அதில் ஒதுக்கிய பகுதி ஒன்று உண்டு. அது இப்போது பல வீடுகளில் மறைந்துவருகிறது. படிக்கு முன்னால் போடும் பூங்கா.

ஒரு பழைய தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈர மண் பரப்பி, அதில் கேழ்வரகோ கடுகோ வெந்தயமோ அடர்த்தியாகத் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் பச்சைப் புல்வெளி எழும்பிவிடும். நவராத்திரி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். விதையை அதற்கு நாலு நாள் முன்பே தூவ வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தால் அதுதான் குளம். கொலு பார்க்க வரும் பெரியவர்கள் மேல்படிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். குழந்தைகள் இந்தக் குளத்தங்கரையில்தான் உட்கார்ந்துகொள்கின்றன. பொம்மை வாங்க வசதியில்லாத வீட்டிலும் இந்த வயல் முளைக்கும். வந்தவர்களுக்குக் கொடுக்கும் சுண்டலை அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வீடுகள் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. கொலு வைக்காத வீடும் சேர்ந்துகொள்ளலாம்.

மழையை அளக்கும் பிள்ளைகள்

மழை விடுமுறை விட்ட நாளில் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோருக்கு இது. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை எடுத்து, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் மொட்டை மாடியில் வைக்க வேண்டும். காற்றில் சாயாமல் சுற்றிலும் செங்கல். மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டுத் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுவே அன்றைய மழை. எட்டரை மணிக் கணக்கு வானிலைத் துறையின் கணக்கு. அவர்களும் காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை பெய்ததைத்தான் ஒரு நாள் மழை என்று சொல்கிறார்கள். நோட்டில் தேதியோடு எழுதிவைத்து, செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிட்டால், பக்கத்து ஏரியாவில் ஏழு சென்டிமீட்டர் கொட்டியபோது தங்கள் தெருவில் மூன்றுதான் என்பது தெரியவரும்.

அதற்குமேல் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் வாய்பிளக்கும் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் மட்டும் விழுவது சுமார் 930 லிட்டர். அதாவது நாற்பது வாளிக்கு மேல். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், மாடிக் குழாயைச் சுத்தம் செய்யப் பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த ஆண்டு வருவார்கள்.

மழை விட்ட நேரத்தில் வெளியே போகலாம். கிராமப்புறத்துச் செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல் தம்பலப்பூச்சி ஊரும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். தீப்பெட்டியில் அடைத்தால் மறுநாள் செத்துக் கிடக்கும். தாழப் பறக்கும் தட்டான் கூட்டத்தைக் காட்டி, இது எங்கே போகிறது தெரியுமா என்று கேட்கலாம். நன்னீரே அரிதான மாலத்தீவில் ஒவ்வொரு அக்டோபரிலும் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு, வடகிழக்குக் காற்றோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009ல் எழுதினார். வாசலில் கொடிக்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பூச்சியும் அத்தனை தூரம் போகும் சாதியைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

ஈசல் வேறு கதை. மழை ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து புகைபோல் எழும்பும். அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி என்பார்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்குக்கு அடியில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் எல்லாம் அங்கே வந்து விழும். அதைக் காயவைத்துச் சிறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. ஈசலைப் புளித்த மோரோடு சமைத்தது புறநானூற்றிலேயே பதிவாகியிருக்கிறது. நகரத்தில் வளர்ந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு பிடி வாயில் போட்டவர்கள் இன்னொரு பிடி கேட்பார்கள். புற்றுக்காளானுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. நல்ல காளான் எது, நச்சுக் காளான் எது என்று ஆண்டாண்டாகப் பறித்துப் பழகியவர் கையிலிருந்து வாங்கினாலொழிய அடுப்பில் ஏற்றக் கூடாது.

நாலு மணி அடுப்படி

மழைக்கு வாழைக்காய் பஜ்ஜி போடத் தெரியாத வீடு இல்லை, அதை விட்டுவிடலாம். இந்தப் பருவத்துக்கென்று மண் கொடுப்பவை வேறு. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை பிடுங்கப்படும் காலம் இது. தள்ளுவண்டியில் மண் ஒட்டிய பச்சைக் கடலை வரும்போது ஒரு படி வாங்கி, மூன்று தண்ணீர் அலசி, மூழ்கும் அளவு தண்ணீரும் சற்றுத் தூக்கலாக உப்பும் போட்டு வேகவைக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் வடித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அந்தச் சூட்டுத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊறினால்தான் உப்பு பருப்புக்குள் இறங்கும்.

வேலியில் மழைக்குத் தழைக்கும் தூதுவளையும் முடக்கத்தானும் இப்போது இளசாக இருக்கும். தூதுவளை இலையில் முள் இருக்கும். பின்பக்கம் ஆய்ந்துவிட்டு நெய்யில் வதக்கி அரைத்து மிளகு ரசத்தில் கலந்தால் சளி பிடித்த தொண்டைக்கு இதமாக இறங்கும். முடக்கத்தான் கசக்கும் என்று பயப்படுகிறவர்கள் தோசைமாவில் ஒரு கைப்பிடி அரைத்து விடலாம், கசப்பு தெரியாது. சுக்கு மல்லிக் காபிக்குத் தனியா, சுக்கு, கொஞ்சம் மிளகு, விருப்பம்போல ஏலக்காய். வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் புரட்டாசியிலேயே வைத்துவிட்டால், கரண்ட் போன மாலையில் கருப்பட்டி தட்டிப்போட்டு ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம்.

தீபாவளி: லேகியமும் மலரும்

தீபாவளியைச் சரவெடியாலும் துணிக்கடைப் பையாலும் அளப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த அதிகாலையின் நினைவில் எஞ்சி நிற்பது வேறு: தலையில் தேய்த்த நல்லெண்ணெய் சொட்ட மனைப்பலகையில் உட்கார்ந்திருந்த குளிர், செம்பில் விழுந்த வெந்நீர், குளித்ததும் நாக்கில் வைத்த லேகியத்தின் காரம். இனிப்புப் பெட்டி எங்கும் கிடைக்கும். வீட்டு லேகியம் வீட்டில் மட்டும்தான்.

சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், தனியா ஆகியவற்றை நாட்டுமருந்துக் கடையில் தீபாவளி மருந்து என்று கேட்டாலே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். கண்டந்திப்பிலியைத் தட்டி நார் எடுத்து, எல்லாவற்றையும் ஊறவைத்து விழுதாக அரைத்து, வெல்லப்பாகில் சேர்த்துச் சிறுதீயில் கிளற வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்ற, விழுது வாணலியில் ஒட்டாமல் சுருண்டு திரளும், அதுதான் பதம். இறக்கி ஆறியபின் தேன். இரண்டு நாள் முன்பே கிளறினால் காரமும் இனிப்பும் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். ஒரு சம்புடம் கூடுதலாகக் கிளறி, கிளற முடியாத வயதில் இருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தால் பட்சணத் தட்டைவிட அது அதிகம் மதிக்கப்படும்.

பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான். உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின் இந்த ஏற்பாடு. மீதி நாள் முழுவதும் வீட்டின் நாள். தமிழ் இதழ்களின் தீபாவளி மலர் அந்தப் பகலுக்காகவே உண்டானது போன்றது. நாலு வீடு நாலு மலர் வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் கார்த்திகை வரை படிக்க இருக்கிறது. மழை நாளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது இப்போது அருகிவிட்டது. கண் மங்கிய பெரியவர் இருக்கும் வீட்டில் அதை மீட்டெடுக்கலாம்.

பட்டாசே இல்லாமல் தீபாவளி கொண்டாடும் ஊரும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய் மரங்களில் அடைகாக்கும் பறவைகள் மிரண்டு போய்விடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக அந்த ஊர் மக்கள் வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட இல்லை. வனத்துறை ஆண்டுதோறும் அந்தப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறது. ஒரு ஊரே சேர்ந்து ஒரு சத்தத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஒவ்வொரு ஆண்டும் வானத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் பறவை தங்கும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் வெறும் தரையைத்தான் பார்க்க நேரிடும். கிளம்புமுன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் பகலில் இரை தேடிப் போய்விடும். நாலரை மணிக்கு மேல் கரையில் உட்கார்ந்தால் அவை வரிசை வரிசையாகத் திரும்பி மரத்தில் இறங்குவதைப் பார்க்கலாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த ஊர் விவசாயிகள் அறிந்திருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளிடம் போய்ப் பறவை சுடுவதைத் தடுக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். 2022ல் வேடந்தாங்கல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கார்த்திகை: பனையின் மாதம்

மற்ற மாதங்களை ஓரளவு கடையில் வாங்கிக் கொண்டாடிவிடலாம். கார்த்திகையை மட்டும் பனை மரத்தைத் தெரிந்தவர்களால்தான் முழுசாகக் கொண்டாட முடியும். கொழுக்கட்டைக்கு ஓலை, மாவளிக்குப் பனம்பூ, கோயில் வாசலில் எரியும் சொக்கப்பனை என்று எல்லாமே பனை கொடுப்பது.

விளக்கிலிருந்து தொடங்கலாம். புது அகல் வாங்கியதும் அப்படியே எண்ணெய் ஊற்றினால் மண் பாதியைக் குடித்துவிடும். ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்து ஏற்றினால் எண்ணெய் திரிக்கு நிற்கும். காற்று அடிக்கும் திண்ணையில் மூலை பார்த்து வைக்க வேண்டும். பருத்தி உடை போட்ட பிள்ளைகள், தாவணித் தலைப்பை இறுக்கிச் செருகிய பெண்கள், எட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவுதான் பாதுகாப்பு.

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை ஆறு மணிக்குக் கொப்பரையில் தீபம் ஏறும். பதினொரு நாள் எரியும். அதைப் பார்த்த பிறகே விளக்கேற்றும் வீடுகள் அந்த வட்டாரத்தில் ஏராளம். மறுநாளும் கார்த்திகை முடிவதில்லை. அது குப்பைக் கார்த்திகை. மாட்டுத்தொழுவத்தில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, எருக்குழியில் ஒன்று என்று விவசாயி வீட்டு விளக்கு அன்றைக்கு வெளியே நடக்கும். ஆண்டு முழுவதும் வயலுக்குச் சோறு போட்ட குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு வைத்த மக்கள் இவர்கள். நகரத்து வீட்டிலும் அன்று ஒரு அகலைக் குழாயடியிலும் ஒன்றை உரத்தொட்டி அருகிலும் வைக்கலாம்.

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் திருக்கார்த்திகை என்றால் ஓலைக்கொழுக்கட்டை. இளம் பச்சைப் பனையோலையை ஈர்க்கோடு சாண் நீளத்துக்கு நறுக்கிக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி இடித்த மாவை லேசாக வறுத்து, அதில் தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்குப்பொடி, ஏலக்காய் சேர்த்து, மண் வடிகட்டிய கருப்பட்டிப் பாகைச் சூட்டோடு ஊற்றிப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். விரல் இடுக்கில் ஒழுகக் கூடாது. ஓலையின் மடிப்புக்குள் இந்த மாவை நீளவாக்கில் வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே மூன்று இடத்தில் கட்டுவார்கள். இட்லிக் கொப்பரையில் அடுக்கி மூடினால் கால் மணி நேரத்தில் வீட்டைத் தாண்டித் தெருவுக்கே மணக்கும். பிரித்தால் கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் வரிகள் பதிந்திருக்கும். அந்த வாசனை ஓலைக்கு மட்டுமே உரியது. வாழையிலையில் வைத்து அவித்தாலும் கொழுக்கட்டை நன்றாகவே இருக்கும். திருக்கார்த்திகைக் கொழுக்கட்டை ஆகாது.

இருட்டியதும் மாவளி. ஆண் பனையின் காய்ந்த பூவைப் பொறுக்கி, சின்னக் குழி தோண்டி அதில் போட்டுக் கொளுத்தி, தணல் சிவந்ததும் மண்ணால் மூடிவிட வேண்டும். மறுநாள் தோண்டினால் கரி. அதை மைபோல் இடித்து, பழைய பருத்தி வேட்டித் துண்டில் கொட்டி, விரல் பருமனுக்குச் சுருட்டி இறுகக் கட்டுவார்கள். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, இந்தக் கரிச்சுருளை நடுவில் வைத்துக் கட்டி, மேலே நாலடிக் கயிறு. சுருளின் முனையில் ஒரு துண்டுத் தணலை வைத்து ஊதிப் பிடிக்கவைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி பொறியாகப் பறந்து ஆளைச் சுற்றி ஒரு தங்க வட்டம் எழும்பும். வெடிச் சத்தம் கிடையாது. மருந்து நாற்றமும் கிடையாது. திறந்த வெளியில், கூரையும் வைக்கோற்போரும் இல்லாத இடத்தில், மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்க ஒருவர் மட்டும் சுற்ற வேண்டும். கை நடுங்கும் தாத்தா முதலில் சுற்றிக் காட்ட, பேரன் வாங்கிச் சுற்றும் அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு வாரம் கரி இடிக்கலாம்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. இதே காலத்தில் வேலிகளில் தீக்கொழுந்துபோலப் பூக்கும் செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்றே பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கண்ணால் பார்க்கலாம், கிழங்கு முதல் விதை வரை எல்லாமே நஞ்சு. பிள்ளைகள் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனையை இத்தனைக்கும் பயன்படுத்துகிறவர்கள் பனைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மாதம் புரட்டாசி. ஆவணியிலும் புரட்டாசியிலும் பழம் உதிரும். விதையைப் பொறுக்கி, ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் அனுமதி கேட்டு, பத்தடிக்கு ஒன்றாக ஓர் அடிக் குழியில் போட்டு மூடினால் போதும். தண்ணீர் ஊற்றும் வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். பனை மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டத் தடை விதிக்கவும் அரசு அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரு சனிக்கிழமை காலை சேர்ந்தால் நூறு விதை எளிதில் நட்டுவிடலாம். அவை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு பிடிக்கும். நட்ட பிள்ளைகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் ஓலைக்கும் பனம்பூவுக்கும் ஊரில் இருக்கும் உறவினரிடமோ, பனையேறிகளிடமோ ஐப்பசி பிறந்ததுமே சொல்லி வைக்க வேண்டும். கார்த்திகை வாரத்தில் கேட்டால் கிடைக்காது.